காட்டாத சீட்டு

பத்தாயிரம் ஆட்டம். அதுக்குள்ள சிவப்புக் கோடு கீழ எறங்கறத நிறுத்தணும், இல்லன்னா சேர காலி பண்ணிடணும்னு நாகபூஷணம் சொன்னப்ப எனக்கு வந்த கோவத்துக்கு கையில இருந்த டீய அவரு மேலயே ஊத்தியிருப்பேன். ஊத்தல. அந்த டீயும் அவரு துட்டு தான்.

இப்ப நம்ம ஆந்திராவுல அந்த சீட்டாட்டத்தையே தடை பண்ணிட்டாங்க. இது தடை வர்றதுக்கு முந்துன வருஷத்து சமாச்சாரம். திருப்பதி கொர்லகுண்டாவுல ஒரு மாடி வீடு. கீழ மாவு மில்லு, மேல நாங்க ஆறு பேரு, ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர். ஆன்லைன்ல போக்கர் ஆடறது தான் வேலை. முதல் போடறது நாகபூஷணம். ஜெயிச்சா பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. தோத்தா மொத்தமும் அவரு தலையில. கேக்க நல்லா தான் கீது. ஆனா அதனாலயே அவரு எவனையும் சும்மா உக்கார வச்சி சோறு போட மாட்டாரு. பேங்க்ல இருந்து வாலன்டரி ரிட்டயர்மென்ட் வாங்கிகினு வந்தவரு, ஆள பாக்க மாட்டாரு, ஆளோட கிராஃப தான் பாப்பாரு.

என் பேரு முனிரத்தினம். ஊரு புத்தலப்பட்டு பக்கம். எங்க காலனிக்கு சொந்தமா நிலம்னு ஒன்னு வந்ததே எங்க நைனா காலத்துல தான். கவர்மென்ட் குடுத்த முக்கா ஏக்கரா, அதுல வேர்க்கடலை, மத்த நாள்ல கூலி. நான் ஐ.டி.ஐ. முடிச்சிட்டு ஸ்ரீ சிட்டிக்கு போய் செல்போன் ஜோடிக்கற ஒரு கம்பெனியில ரெண்டு வருஷம் இருந்தேன். ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்து எட்நூறு போன், எல்லாத்துக்கும் அதே இடத்துல அதே திருகாணி. ஒன்னுக்கு போகணும்னா கூட கைய தூக்கிகினு நிக்கணும். சூப்பர்வைசர் பாத்து தலையாட்டுனா தான் நகரலாம். அவன் பாக்கலன்னா பாக்கற வரைக்கும் கை மேலயே இருக்கும்.

கொர்லகுண்டாவுக்கு வந்த மொத நாளு, ஆட்டத்துக்கு நடுவுல நான் பாட்டுக்கு எழுந்து பாத்ரூம் போய்ட்டு வந்தேன். ஒருத்தனும் ஏன்னு கேக்கல. சிரிக்காதீங்க. கைய தூக்கிகினு நின்னவனுக்கு தான் அது இன்னான்னு தெரியும். அந்த சேர உட்டா எனக்கு திரும்பி போக இருந்தது அந்த கம்பெனி லைன் ஒன்னு தான். போக மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். எப்படி போகாம இருக்கறதுன்னு தான் தெரியல.

போக்கர் தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ஆளுக்கு ரெண்டு சீட்டு மூடி இருக்கும். நடுவுல அஞ்சு சீட்டு எல்லாருக்கும் பொதுவா தெறந்து வரும். வர வர துட்டு ஏத்தலாம். துட்ட எடுக்க ரெண்டே வழி. கடைசி வரைக்கும் நின்னவங்க சீட்ட தெறந்து காட்டி, எவனுது பெருசோ அவன் எடுக்கறது ஒன்னு. இல்லன்னா, நீ ஏத்தற ஏத்துல மத்தவங்க எல்லாம் சீட்ட போட்டுட்டு ஒதுங்கிடுவாங்க, நீ எதையும் காட்டாம எடுத்துக்கலாம். காட்டற ஆட்டத்துல வந்தது போனது எல்லாத்தையும் கம்ப்யூட்டர் நீலக் கோடா போடும். காட்டாம எடுத்ததும், காட்டறதுக்கு முன்னாடியே நாம போட்டுட்டு உட்டதும் சிவப்புக் கோடு. ரெண்டையும் கூட்டுனா பச்சைக் கோடு. நாங்க சோறு துன்னறது பச்சையில.

என் நீலக் கோடு திருமலைக்கு போற அலிபிரி படி மாதிரி ஏறிகினே போகும். சிவப்பு அதே அளவுக்கு எறங்கிகினே போகும். ஏழு மாசமா பச்சை தரையோட தரையா கெடந்துச்சு. நல்ல சீட்டு வர்றப்ப சம்பாரிக்கறது எல்லாத்தையும், சீட்டு வராதப்ப சில்லறை சில்லறையா உட்டுகினு இருந்தேன். நாகபூஷணம் போட்ட கணக்கு இது தான்: பத்தாயிரம் ஆட்டத்துக்கு அப்புறம் சிவப்பு இன்னிக்கி இருக்கற இடத்துக்கு கீழ இருக்கக் கூடாது, பச்சையும் கீழ போயிருக்கக் கூடாது. ரெண்டு வாரம் டைம்.

சரி, காட்டாம எடுக்கணும், அவ்ளோ தானேன்னு நான் டூப்பு உட ஆரம்பிச்சேன். கையில குப்பைய வச்சிகினு ராஜா மாதிரி ஏத்தறது. மொத ரெண்டு நாளு எல்லாரும் பயந்து ஓடுனாங்க. சிவப்பு மேல வந்துச்சு. எனக்கு தலகால் புரியல. மூணாவது நாள்ல இருந்து ஒருத்தனும் ஓடல. நான் ஏத்துனா நிதானமா நின்னான், கடைசியில தெறந்து பாத்தான், என் குப்பைய பாத்து துட்ட அள்ளிகினு போனான். இப்ப ஏறிகினு இருந்த நீலமும் குப்புற உழுந்துச்சு. நாலாயிரம் ஆட்டம் முடியறப்ப பச்சை எழுபதாயிரம் கீழ. நாகபூஷணம் ஒரு நாளு பின்னாடி வந்து நின்னு பாத்துட்டு, ஸ்கிரீன்ல இருந்த நம்பர குறிச்சிகினு போனாரு. திட்டியிருந்தா கூட பரவால்லன்னு இருந்துச்சு.

எனக்கு பக்கத்து சேர்ல கல்பனா. நகரி பொண்ணு, வீட்டுல நாலு பவர்லூம் ஓடுது. இங்க டேட்டா என்ட்ரி பண்றதா வீட்டுல சொல்லி வச்சிருந்தா. எங்க ஆறு பேருல பச்சைக் கோடு ஒழுங்கா ஏறுனது அவளுக்கு மட்டும் தான். நான் பொறாம படுவேன், அவ கண்டுக்க மாட்டா. அன்னிக்கி மத்தியானம் அவ ஆட்டம் முடிச்சி டிபன் பாக்ஸ தொறந்து துன்னுகினே என் ஸ்கிரீன பாத்துகினு இருந்தா. நான் ஒரு கை ஜெயிச்சேன். ஏத்துனேன், எதிர்ல இருந்தவன் போட்டுட்டான், துட்டு வந்துச்சு. கீழ 'ஷோ'ன்னு ஒரு பட்டன் வரும், அத்த அமுக்கி என் ரெண்டு சீட்டையும் காட்டுனேன். அடுத்த ஆட்டத்துக்கு போய்கினு இருந்தேன்.

அவ கை வாய்க்கு போற வழியிலயே நின்னுடுச்சு.

"இப்ப ஏன் காட்டுன?"

"துட்ட எடுத்தேன் இல்ல. எடுத்தவன் காட்டணும்."

"எல்லா கையிலயும் காட்டுவியா? டூப்பு உட்டா கூடவா?"

எது உட்டாலும் காட்டுவேன்னு சொன்னேன். அவ டிபன் பாக்ஸ மூடிட்டு தலையில அடிச்சிகினா. ஏழு மாசமா என் கூட ஆடறவன் எல்லாம் என் பேருக்கு எதிர்ல 'இவன் காட்டுவான்'னு குறிச்சி வச்சிருப்பான்டான்னா. நான் நல்ல சீட்டுக்கு மட்டும் தான் ஏத்தறேன்னு காட்டி காட்டி நானே சொல்லி குடுத்துட்டேன். அதனால நான் ஏத்துனா ஒதுங்கிடறான், ஏத்தலன்னா கையில ஒன்னும் இல்லன்னு தெரிஞ்சி என்ன வெரட்டி உடறான். இப்ப டூப்பையும் காட்டிட்டேன், இனிமே எவன் பயப்படுவான்? இத்தனையும் சொல்லிட்டு, எவன்டா உனக்கு இந்த ரூல சொன்னதுன்னு கேட்டா.

நான் நெஞ்ச நிமித்திகினு தான் சொன்னேன். எங்க ஊர்ல சங்கராந்திக்கு மூணு நாளும் புளியந்தோப்புல மூணு சீட்டு நடக்கும். ஊர்க்காரங்க ஆடறது. ஒரு கை கொறையுதுன்னா எங்க நைனா ரங்கையாவ கூப்பிட்டு அனுப்புவாங்க. காலனியில அவர ஒருத்தர தான் கூப்பிடுவாங்க. எல்லாரும் சீட்ட போட்டுட்டு, துட்டு நைனாவுக்கு தான்னு ஆன பெறகும், அவரு மூணு சீட்டையும் துண்டு மேல திருப்பி வச்சிட்டு தான் துட்ட தொடுவாரு. நான் பாத்துகினே வளந்தேன். சீட்டாட்டத்துலயும் நாணயம்னு ஒன்னு இருக்குன்னு எங்க நைனா கிட்ட தான் பாத்தேன்னு சொன்னேன். எனக்கு அதுல எவ்ளோ பெருமைன்னு சொல்ல முடியாது.

கல்பனா டிபன் பாக்ஸ ஓரமா தள்ளி வச்சா. அப்புறம் மெதுவா கேட்டா, மத்தவங்களும் காட்டுவாங்களான்னு.

காட்டாம, பின்ன? வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா எவ்ளோ யோசிச்சாலும் துண்டு மேல நைனாவோட சீட்டு தான் ஞாபகத்துக்கு வருது. வெங்கடரமணன்னு ஊர்ப் பெரிய மனுசன், நாங்க கூலிக்கு போற மாந்தோப்பு அவருது தான், மூணு நாளும் அவரு தான் அதிகம் ஜெயிப்பாரு. அவரு சீட்டு எப்படி இருக்கும்னு எனக்கு தெரியவே இல்ல. துட்ட வாரி மடியில போட்டுகினு சீட்ட கட்டுக்குள்ள தள்ளற அவரு கை தான் தெரியுது.

மாடிப்படிக்கு போய் வீட்டுக்கு போன் போட்டேன். நைனா தான் எடுத்தாரு. அங்க இங்க சுத்தாம கேட்டேன், சங்கராந்தி சீட்டுல துட்டு எடுத்தா காட்டணும் தானேன்னு. ஆமா, காட்டாம எப்படி எடுக்கறதுன்னாரு. ஜெயிச்சா ஊர்க்காரங்க 'சூப்பிஞ்சுரா ரங்கையா', காட்டுடான்னு தெலுங்குல சொல்வாங்களாம். கொஞ்ச நாள்ல அவங்க காட்டச் சொல்லி கேக்கறதுக்கு முன்னாடியே காட்டிப் பழகிட்டாராம். கேக்க வைக்காம காட்டிடறானேன்னு அவங்களுக்கு நைனா மேல நல்ல எண்ணமாம்.

"வெங்கடரமணன் காட்டுவாரா நைனா?"

அவரு சிரிச்சாரு. "அவரு எதுக்குடா காட்டணும்?"

வருத்தமா சொல்லல. மழ பேஞ்சுதான்னு கேட்டா இல்லன்னு சொல்ற மாதிரி சொன்னாரு. அப்புறம் துன்னுட்டியான்னு கேட்டாரு. துன்னுட்டேன்னு பொய் சொல்லி போன வச்சேன்.

எனக்கு அழுகை வரல, கோவம் தான் வந்துச்சு. வெங்கடரமணன் மேல வந்துச்சு, வர வேண்டியது தான். நைனா மேலயும் வந்துச்சு. அது தப்புன்னு தெரியும், ஆனாலும் வந்துச்சு. எல்லாத்தையும் விட என் மேல தான் தாங்க முடியாம வந்துச்சு. புளியந்தோப்புலயாவது கேட்டானுங்க. இங்க எவன் கேட்டான்? பெங்களூர்ல ஒருத்தன், டெல்லியில ஒருத்தன், மூஞ்சி தெரியாது, பேரு தெரியாது, நான் ஊரா காலனியான்னு எவனுக்கும் தெரியாது. அவனுங்க முன்னாடி ஏழு மாசமா நானே துண்ட விரிச்சி நானே காட்டிகினு இருந்திருக்கேன். நாணயம்னு பேரு வேற வச்சிகினேன்.

மாடிப்படியில எவ்ளோ நேரம் உக்காந்து இருந்தேனோ, கல்பனா வந்து பாத்தா. நான் போன்ல கேட்டத சொன்னேன். அவ ஆறுதல் எல்லாம் சொல்லல. இன்னும் ஆறாயிரம் ஆட்டம் கீது, எழுந்து வான்னா.

அன்னிக்கே ஸ்கிரீன்ல அந்த பட்டன் வர்ற எடத்துல மருந்துக் கடை பிளாஸ்திரி ஒன்ன ஒட்டுனேன். பட்டன மறைக்கலாம், வெரல எப்படி மறைக்கறது? மொத தடவ காட்டாம துட்ட எடுத்தப்ப அடுத்தவன் பையில கைய உட்ட மாதிரி வேர்த்துப் போச்சு. மௌஸ் தானா பிளாஸ்திரிக்கு போகும், நான் வலது கைய எடது கையால புடிச்சி இழுப்பேன். பக்கத்துல இருந்தவங்க பைத்தியம்னு நெனச்சிருப்பாங்க. நெனச்சிகினு போகட்டும்.

டூப்பு உடறதயும் கல்பனா கண்ட்ரோல் பண்ணுனா. சிவப்பு ஏறணும்னே ஆடுனா நீலம் செத்துடும், ரெண்டும் போச்சுன்னா பச்சை எங்கிருந்து வரும்னா. அவ கிராஃப தெறந்து காட்டுனா. அவ சிவப்பும் லேசா எறங்கி தான் இருந்துச்சு, நீலம் அதுக்கு மேல ரெண்டு பங்கு ஏறி இருந்துச்சு. காட்டாம எடுக்கறவன் தான் கெட்டிக்காரன்னு இல்லடா, எதிராளிக்கு எங்க அந்த துட்டு மேல ஆசை இல்லியோ அங்க மட்டும் ஏத்து, மத்த எடத்துல கம்முனு போட்டுட்டு போன்னா. அதுக்கு அவன் எப்ப எல்லாம் தயங்கறான், எவ்ளோ நேரம் யோசிக்கறான்னு பாக்கணும். ஏழு மாசமா என் சீட்ட மட்டும் பாத்துகினு இருந்தவன், அப்ப தான் எதிர்ல ஆளு இருக்கறதயே பாத்தேன்.

நாலு நாளு ஒன்னும் நடக்கல. பழைய குறிப்ப வச்சிகினு எல்லாரும் பழைய மாதிரியே ஆடுனாங்க. அப்புறம் ஒவ்வொருத்தனா கொழம்ப ஆரம்பிச்சான். நான் ஏத்துனா முன்ன மாதிரி உடனே ஓடல, உடனே நிக்கவும் இல்ல, யோசிச்சான். நான் ஏத்தாம இருந்தாலும் என்ன வெரட்ட பயந்தான். சிவப்பு எறங்கறது நின்னுச்சு. எட்டாயிரத்தாவது ஆட்டத்துல பழைய எடத்துக்கு மேல ஒரு நூல் அளவு நின்னுச்சு. பச்சை மட்டும் பாக்கி. எழுபதாயிரம் பள்ளம், அம்பதாச்சு, முப்பதாச்சு. நான் சோறு தண்ணி ஒழுங்கா துன்னல. கல்பனா நகரியில இருந்து எடுத்தாந்த புளிசாதத்துல பாதிய என் கீபோர்டு மேலயே வச்சிட்டு போவா.

கடைசி நாளு. பத்தாயிரத்துக்கு இன்னும் முப்பது ஆட்டம் கூட இல்ல. பச்சை பழைய எடத்துக்கு வர ஒம்பதாயிரம் வேணும். நாகபூஷணம் பின்னாடி சேர் போட்டு உக்காந்துட்டாரு. லைன்ல சூப்பர்வைசர் நிக்கற மாதிரியே இருந்துச்சு. நான் திரும்பி பாக்கல.

அப்ப ஒரு கை வந்துச்சு. எதிர்ல ஒரு பழைய ஆளு, 'தக்காணப்புலி'ன்னு பேரு வச்சிகினு ஏழு மாசமா என் கிட்ட துன்னு கொழுத்தவன். நான் ஏத்துனேன், அவன் நின்னான். திரும்ப ஏத்துனேன், நின்னான். நடுவுல நாலு சீட்டு, அதுல ரெண்டு இஸ்பேட். அஞ்சாவதா வந்ததும் இஸ்பேட். என் கையில இஸ்பேட் ரெண்டு இருந்தா மொத்தம் அஞ்சு இஸ்பேட், நான் ராஜா. இல்லன்னா அவன் தெறந்தான்னா நான் ஸ்ரீ சிட்டிக்கு பஸ் புடிக்க வேண்டியது தான். நடுவுல இருவதாயிரம் கெடந்துச்சு, பாதி அவனுது. நான் என் முன்னாடி இருந்தது மொத்தத்தையும் உள்ள தள்ளுனேன்.

அவன் யோசிச்சான். டைம் ஓடுது. ஸ்கிரீன் ஓரத்துல வட்டம் கொறஞ்சிகினே வருது. பின்னாடி நாகபூஷணம் மூச்சு உடற சத்தம் கேக்குது. எனக்கு பயமே இல்லன்னு சொன்னா பொய். ஆனா கைய மேஜை மேல வச்சிட்டு அசையாம உக்காந்தேன். அந்த சேர நான் உட மாட்டேன், எவன் பாத்தாலும் உட மாட்டேன்னு மனசுக்குள்ள சொல்லிகினே இருந்தேன்.

வட்டம் முடியறதுக்கு ஒரு நொடி முன்னாடி அவன் சீட்ட போட்டான்.

துட்டு என் பக்கம் வந்துச்சு. உடனே சாட்ல எழுதுனான், காட்டுன்னு. திரும்ப எழுதுனான். நீ எப்பவும் காட்டுவியே ப்ரோ, ஒரே ஒரு தடவ, ப்ளீஸ்னு. பிளாஸ்திரி ஓரமா பட்டன் வெளிச்சம் தெரிஞ்சுது. என் வெரல் அங்க போகல. அடுத்த ஆட்டம் சீட்டு போட்டுட்டாங்க, நான் ஆட ஆரம்பிச்சேன்.

பத்தாயிரம் முடிஞ்சப்ப பச்சை பழைய எடத்துக்கு எட்நூத்தி சொச்சம் மேல. நாகபூஷணம் எழுந்தாரு, சேர எடுத்து பழைய எடத்துல போட்டாரு. நாளைக்கு ஒம்போது மணிக்கு வந்துடுன்னாரு. அவ்ளோ தான். அந்த கையில நான் இன்னா வச்சிருந்தேன்னு அவரு பின்னாடி இருந்து பாத்துட்டாரு. அது அவரு துட்டு, அவருக்கு உரிமை கீது. கல்பனா வந்து கேட்டா, நான் சொல்லல. போடா பெரிய இவன்னு புளிசாத டப்பாவால முதுகுல ஒன்னு போட்டுட்டு போனா.

ஞாயித்துக்கெழம நைனாவுக்கு போன் போட்டேன். கம்ப்யூட்டர் வேலைன்னா இன்னான்னு அன்னிக்கி தான் மொத மொதல்ல அவருக்கு உள்ளத உள்ளபடி சொன்னேன். திட்டுவாருன்னு நெனச்சேன். கடைசி கை வரைக்கும் குறுக்க பேசாம கேட்டாரு.

"காட்டுனியா?"

"இல்ல நைனா."

"கேட்டானா?"

"ரெண்டு தடவ கேட்டான்."

அப்புறம் இன்னா ஆச்சுன்னு கேட்டாரு. ஒன்னும் ஆவல நைனா, துட்டு என் கிட்ட தான் இருந்துச்சுன்னு சொன்னேன். ஒன்னும் ஆவலியான்னு திரும்பவும் கேட்டாரு. ஒன்னும் ஆவலன்னு நானும் திரும்பவும் சொன்னேன்.

கையில இன்னா சீட்டு இருந்துச்சுன்னு அவரு கேக்கல. நீங்களும் கேக்காதீங்க.